பூமி இல்லாத பெட்டி

கைபேசியின் சார்ஜர் செத்துப்போனதால் போன வாரம் எங்கள் ஈப்போவில் சிலிபின் பக்கம் ஒரு கடைக்குப் போனேன். கடை என்பது மரியாதைக்குச் சொல்வது. மாடிப்படிக்கு அடியில் இருக்கிற ஒரு பொந்து. உள்ளே ஓர் இளைஞர் யாருடைய கைபேசியையோ குடல் தெரியப் பிரித்துப் போட்டு ஈயம் வைத்துக்கொண்டிருந்தார். மெல்லிய புகை எழும்பி என் மூக்கில் ஏறியது. ஈயக் கம்பிக்குள் ஒளிந்திருக்கும் குங்கிலியம் உருகுகிற வாசனை. சாம்பிராணிக்குத் தூரத்துச் சொந்தம், ஆனால் பக்தி வராது, இருமல்தான் வரும். எனக்கு இருமலோடு முனியாண்டியும் வந்துவிட்டான்.

முனியாண்டியைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் என் பெருமையைக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். எழுபதுகளில் நான் ஈப்போவை ஒட்டிய புந்தோங்கின் இஞ்சினியர். சிரிக்காதீர்கள், ஊரே அப்படித்தான் கூப்பிட்டது. ஈப்போ டவுனில் ஒரு சீனத் தவுக்கே, அதாவது முதலாளி, நடத்திய ரேடியோ, டிவி பழுது பார்க்கும் கடையில் எனக்கு வேலை. பழுது பார்ப்பதெல்லாம் தவுக்கே. நான் டிவியைத் தூக்கிக்கொண்டு போய் வைப்பேன், கூரையில் ஏறி ஏரியலைத் திருப்புவேன். படம் தெரிகிறதா இல்லையா என்று வீட்டுக்காரர் கீழேயிருந்து மலாயில் கத்துவார்: "அடா... அடா... தாக் அடா." இருக்கு, இருக்கு, இல்லை என்று அர்த்தம். தமிழ்க் காதில் விழுந்தால் யாரையோ வைவது போல இருக்கும். வெயிலில் தகரக் கூரைமேல் நிற்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அந்தப் பட்டத்தோடு ஓர் இசைக்குழுவிலும் இருந்தேன். அன்றைக்குப் புந்தோங்கில் தடுக்கி விழுந்தால் ஓர் இசைக்குழுவின் மேல்தான் விழ வேண்டும், அத்தனை குழுக்கள். எங்கள் தலைவர் கோவிந்தசாமி அண்ணன். அவருக்குப் பாட வராது, எந்த வாத்தியமும் வாசிக்க வராது. மேடையில் இரண்டு கிலுகிலுப்பைகளை வைத்துக் குலுக்குவார், அதுவும் தாளத்துக்கு வெளியே. ஆனால் ஆம்ப்ளிஃபயர் அவருடையது. ஆம்ப்ளிஃபயர் யாருடையதோ அவர்தான் தலைவர். அரசியல் கட்சிகளும் இப்படித்தான் நடக்கின்றன என்பதைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

அந்த ஆம்ப்ளிஃபயரைச் சுவரில் மாட்டுகிற உரிமையை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. அதன் பிளக்குக்கு இரண்டு கால். நம் ஊர்ச் சுவரிலோ மூன்று ஓட்டை. மேலே இருக்கிற ஓட்டைக்குள் எதையாவது குத்தினால்தான் கீழே இருக்கிற இரண்டும் வாயைத் திறக்கும். அதற்கென்றே சீனர் நூடுல்ஸ் விற்கிற மீ கடையிலிருந்து எடுத்துவந்த சாப்ஸ்டிக் குச்சி ஒன்றைச் சட்டைப் பையில் பேனா மாதிரி செருகி வைத்திருப்பார். தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, வாத்தியார் என்று வணக்கம் சொன்னவர்களும் உண்டு.

முனியாண்டி எங்கள் கிட்டார்காரன். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். விடியும் முன்னே பால்வெட்டப் போய், மரத்தில் மாட்டிய மங்குக் கிண்ணங்களில் சேர்ந்த பாலை எடுத்து, எடை போட்டுவிட்டு, மத்தியான பஸ்ஸைப் பிடித்துப் புந்தோங் வருவான். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் பால் வாடை அவனை விடாது. பஸ்ஸில் அவன் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள், அதனால் கிட்டாருக்கு ஓர் இருக்கை சும்மா கிடைக்கும். விரல் என்றால் விரல், அப்படி ஒரு விரல். முனியாண்டி என்ற பெயர் மேடைக்கு எடுபடாது என்று கோவிந்தசாமி அண்ணன் முன்பாதியை வெட்டி எறிந்துவிட்டு, 'ஆண்டி' என்று அறிவித்தார். இங்கிலீஷ் பெயர் என்று அவர் நினைப்பு. கூட்டத்தில் இருந்த தோட்டத்துப் பெரியவர் ஒருவர் சத்தமாகவே கேட்டார்: "ஏன் தம்பி, இருந்த முனியையும் புடுங்கிக்கிட்டு பயல வெறும் ஆண்டியா ஆக்கிட்டீங்களே."

அவர் சொன்னது கிண்டல்தான், ஆனால் நிஜமாகிவிடும் போல இருந்தது. தோட்டம் கைமாறிவிட்டது. தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடுகளைக் காலி பண்ண வேண்டும் என்று தோட்டத்துக் கணக்கர் கிராணி வந்து சொல்லிவிட்டுப் போனார். முனியாண்டிக்கு அம்மாவும் இரண்டு தங்கச்சிகளும் இருந்தார்கள். போதாக்குறைக்கு அவனிடம் இருந்தது சிவப்பு ஐசி. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அடையாளக் கார்டு நீலமாக இருந்தால் குடிமகன். சிவப்பு என்றால், இந்த மண்ணிலேயே பிறந்து விழுந்திருந்தாலும் விருந்தாளி. வேலை செய்யப் பெர்மிட் கேட்டு வரிசையில் நிற்க வேண்டும். அந்த நேரத்தில்தான் கோலாலம்பூரில் ஹோட்டல் பாண்டு நடத்துகிற ஒருவர் கிட்டார்காரன் தேடுகிறார், மாதச் சம்பளம், என்று செய்தி வந்தது. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு அவர் ஈப்போ வருகிறார். அந்தக் கல்யாணத்தில் வாசிக்கப்போவது நாங்கள். வேலை கிடைத்தால் அம்மாவையும் தங்கச்சிகளையும் ஒரு வாடகை வீட்டில் குடிவைத்துவிடலாம். கிடைக்காவிட்டால் எங்கே போவது என்று அவனுக்கே தெரியவில்லை.

ஹோட்டல்காரருக்குச் சுத்தமான கிட்டார் சத்தம் பிடிக்காதாம். அப்போது புதிதாக வந்திருந்த கரகர சத்தம்தான் வேண்டுமாம். தொண்டை கட்டிய ஆள் அதே தொண்டையோடு அழுதால் எப்படி இருக்கும், அதுதான் அந்தச் சத்தம். அதற்குக் காலால் அமுக்குகிற பெட்டி ஒன்று வேண்டும். டவுனில் ஒரு கடைக் கண்ணாடிக்குள் ஜப்பான் பெட்டி இருந்தது. நானும் முனியாண்டியும் கோவிந்தசாமி அண்ணனும் போய்ச் சாமி கும்பிடுவது போல நின்று பார்த்தோம். விலை கேட்கிற தைரியம் யாருக்கும் இல்லை. வெளியே வந்ததும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"இதென்ன பிரமாதம்லா. நானே செஞ்சு தாரேன்."

"நெசமாவா மச்சான்?" என்றான் முனியாண்டி.

"பின்ன, இஞ்சினியர்னு சும்மாவா கூப்புடுறானுங்க."

செய்தும் விட்டேன். தவுக்கே கடையில் ஒரு பழைய இங்கிலீஷ் பத்திரிகையில் படம் போட்டிருந்தது. அதில் பாதி எனக்குப் புரியவில்லை. புரிந்த பாதியைத் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தேன். செத்த ரேடியோக்களிலிருந்து ட்ரான்சிஸ்டர்களைப் பிடுங்கினேன். கட்டில் விளக்கிலிருந்து சுவிட்சைக் கழற்றினேன். எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போட்டு மூடினேன். மூடியில் இரண்டு வெள்ளைக்காரக் குழந்தைகள் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு சிரிக்கும். முனியாண்டி அந்தக் குழந்தைகளின் முகத்தில் மிதித்தால் கிட்டார் கரகரக்கும். கோவிந்தசாமி அண்ணன் வீட்டு முன்ஹாலில், சிமெண்டுத் தரையில் வைத்து முதல் தடவை மிதித்தபோதே கரகரத்தது. தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கு என்னை நீங்கள் பார்த்திருந்தால் பேசவே மாட்டீர்கள், அவ்வளவு கர்வம்.

அந்தக் கர்வம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் இறங்கியது. மேடையில் முனியாண்டி பெட்டியை மிதித்தான். 'ங்ங்ங்' என்று ஒரு இரைச்சல். நகராண்மைக் கழகத்துக்காரர்கள் கொசுமருந்து அடித்துக்கொண்டு வருவார்களே, அந்த மெஷினை உள்ளே விட்டது போல. இரைச்சலுக்கு நடுவே யாரோ மலாயில் செய்தி வாசித்தார்கள். பெட்டி எங்கேயோ இருந்து ரேடியோவைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. தலைமையாசிரியர் எங்களைப் பார்த்த பார்வை இன்னும் முதுகில் இருக்கிறது.

வீட்டுக்கு எடுத்து வந்து மாட்டினால் இரைச்சலே இல்லை. பூனைக்குட்டி மாதிரி சொன்ன பேச்சைக் கேட்டது. இருந்தாலும் பிரித்தேன். வயரை மாற்றினேன், பேட்டரியை மாற்றினேன், ட்ரான்சிஸ்டரை மாற்றினேன், வைத்த ஈயத்தை உருக்கி எடுத்துத் திரும்ப வைத்தேன். அடுத்து கோயில் திருவிழா. அங்கே அருமையாக வேலை செய்தது. அதற்கடுத்து ஒரு கிளப்பில் பிறந்தநாள் விழா; 'ங்ங்ங்'. வீட்டில் நல்ல பிள்ளை, கோயிலில் நல்ல பிள்ளை, வெளியே போனால் மானத்தை வாங்குகிறது. இப்படிப்பட்டவர்களை எல்லாக் குடும்பத்திலும் பார்த்திருப்பீர்கள்.

கோவிந்தசாமி அண்ணன் தீர்ப்புச் சொன்னார். "இது சுத்தம் பாக்குற பெட்டிலா. கோயில்ல பேசுது, மத்த எடத்துல பேச மாட்டேங்குது. எவனோ தீட்டோட தொட்டிருக்கான். டேய் ஆண்டி, இனிமே வாசிக்கிற அன்னிக்குக் கவுச்சி சாப்புடாத."

பெட்டிக்கு விபூதி வைத்தார். வெள்ளைக்காரக் குழந்தைகள் இரண்டும் பட்டை போட்டுக்கொண்டு பிஸ்கட் கடித்தன. முனியாண்டி வாரக்கணக்கில் கருவாட்டைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. பெட்டி அசையவில்லை. கல்யாணம் நெருங்கிக்கொண்டே இருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவன் என் முகத்தைத்தான் முதலில் பார்ப்பான். நான் ஸ்க்ரூடிரைவரைத் தேடுவது போலக் குனிந்துகொள்வேன்.

வேறு வழியில்லாமல் கடையில் என்னோடு வேலை பார்த்த மலாய்க்கார ரம்லியிடம் சொன்னேன். கூரை ஏறுவதில் என் கூட்டாளி. பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தான், பிறகு சொன்னான்: "பூமி தாக் அடா."

பூமி இல்லை. மலாயிலும் பூமி என்றால் பூமிதான். மின்சாரக்காரன் வாயில் எர்த் வயருக்கு அதுதான் பெயர். ஆனால் அந்த வருடங்களில் பத்திரிகையைத் திறந்தால், காப்பிக் கடையில் உட்கார்ந்தால், அதே சொல் வேறு அர்த்தத்தில் காதில் விழும். பூமிபுத்ரா என்று அரசாங்கம் சொன்ன மலாய்க்காரர் முதலான மண்ணின் மைந்தர்களுக்கு அது சுருக்கப் பெயர். யார் பூமி, யார் பூமி இல்லை என்று பார்த்துத்தான் நிலமும் லைசென்சும் கிடைத்தன. ரம்லி அதையெல்லாம் நினைத்துச் சொல்லவில்லை, பாவம். நான்தான் அதை அப்படியே கொண்டுபோய்க் குழுவில் வைத்தேன்.

"பெட்டிக்குப் பூமி இல்லையாம்."

முனியாண்டி சிரித்தான். "எனக்கே இல்ல. நான் மிதிக்கிற பெட்டிக்கு எங்கேருந்துலா வரும்?"

கோவிந்தசாமி அண்ணன் தலைவருக்கே உரிய தோரணையில் கேட்டார்: "பூமின்னா என்ன? மண்ணு. ஒரு வயர எடுத்து மண்ணுல சொருகு. முடிஞ்சு போச்சுலா."

"கல்யாண மண்டபத்துல மேடையெல்லாம் சிமெண்டுண்ணே. தோண்ட முடியாது."

"நான் கொண்டாரேன்," என்றான் முனியாண்டி.

கொண்டுவந்தான். கல்யாணத்தன்று, ஒரு பால் மங்கு நிறையத் தோட்டத்துச் செம்மண். கிட்டாரை ஒரு கையில், மங்கை மறு கையில் பிடித்துக்கொண்டு, ஒரு பொட்டு சிந்தாமல் அத்தனை தூரம் பஸ்ஸில் வந்திருக்கிறான். கோலாலம்பூர்க்காரர் பார்க்கப்போகிறார் என்று என்னுடைய வெள்ளைச் சப்பாத்தை அவனுக்குப் போட்டுவிட்டேன். குதி உயர்ந்த ஷூ, அந்தக் காலத்து நாகரிகம். சம்பளத்தைச் சேர்த்து வாங்கியது, நானே மூன்று தடவைக்குமேல் போட்டிருக்க மாட்டேன். அவனுக்கு ஒரு அளவு பெரிது, முன்னால் பஞ்சு அடைத்தோம். கோவிந்தசாமி அண்ணன் பையிலிருந்து சாப்ஸ்டிக்கை எடுத்துச் சுவரில் குத்தினார். நான் பெட்டியிலிருந்து ஒரு வயரை இழுத்து மங்கு மண்ணில் நட்டேன். ஏதோ சடங்கு என்று நினைத்துப் பெண்ணின் தாய்மாமா அதைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். பந்தி நடக்கிறது. முன்வரிசையில் கோலாலம்பூர்க்காரர், கறுப்புக் கண்ணாடியோடு, காலை ஆட்டிக்கொண்டு. இரண்டாவது பாட்டில் கிட்டாருக்கென்று ஓர் இடம் வந்தது. முனியாண்டி பெட்டியை மிதித்தான். 'ங்ங்ங்.' அதற்குள்ளிருந்து ஒரு மலாய்க் குரல், கணீரென்று: "ஹார்கா கெத்தா ஹாரி இனி..."

இன்றைய ரப்பர் விலை. பந்தியில் பாதிப்பேர் தோட்டத்து ஆட்கள். கையில் எடுத்த கவளத்தை அப்படியே வைத்துக்கொண்டு கிட்டார் சொல்லும் விலையைக் கேட்டார்கள். விலை இறங்கியிருந்தது. ஒருவர், "ச்சை" என்று இலையில் கையை உதறினார். ரப்பரை விட்டு ஓடிவிடலாம் என்று வந்தவன் கழுத்தில் தொங்குகிற கிட்டாரே ரப்பர் விலை சொன்னால் அவன் எங்கேதான் போவான்? முனியாண்டி என்னைப் பார்த்தான். அந்த முகத்தை நான் மறக்கவில்லை.

மண் காய்ந்துபோயிருக்கிறது, அதனால்தான் பூமி பேசவில்லை என்று என் இஞ்சினியர் மூளை சொன்னது. பந்தியிலிருந்து ஒரு செம்பு தண்ணீரைப் பிடுங்கிக்கொண்டு ஓடிப்போய் மங்கில் ஊற்றினேன். அவசரத்தில் கை தட்டி மங்கு கவிழ்ந்தது. செம்மண்ணும் தண்ணீருமாக மேடையெல்லாம் சேறு. முனியாண்டி காலை நகர்த்தினான், உயரச் சப்பாத்து வழுக்கியது, விழப் பார்த்தான். அடுத்த கணம் இரண்டு சப்பாத்தையும் உதறி எறிந்துவிட்டு வெறுங்காலோடு அந்தச் சேற்றில் ஊன்றி நின்றான். என் வெள்ளைச் சப்பாத்தில் ஒன்று மேளக்காரர் மடியில் போய் விழுந்தது.

இரைச்சல் நின்றுவிட்டது. ரப்பர் விலை நின்றுவிட்டது. கிட்டார் மட்டும் கரகரத்துக்கொண்டு அழுதது. அவன் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான், விட்ட இடத்திலிருந்து இல்லை, வேறெங்கோ இருந்து. பந்தியில் பரிமாறியவர்கள் வாளியோடு நின்றார்கள். கோவிந்தசாமி அண்ணன் கிலுகிலுப்பையைக் குலுக்க மறந்தார், அதனால் தாளமும் சுத்தமாக இருந்தது. நான் சத்தியமாக அழுதேன்.

முடிந்ததும் கோலாலம்பூர்க்காரர் மேடைக்கே வந்துவிட்டார். "தம்பி, கை நல்லா இருக்கு. நம்மகிட்ட வந்துரு. சப்பாத்து மட்டும் போட்டுக்கணும், ஹோட்டல்லா. ஐசி இருக்கா, காட்டு."

முனியாண்டி கையைத் துடைத்துக்கொண்டு எடுத்துக் கொடுத்தான். அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். இரண்டு விரலால் பிடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"சிவப்பாலா. பெர்மிட்டு அது இதுன்னு ஹோட்டல்ல கேப்பாங்க. சரி, பாக்கலாம்."

பார்க்கலாம் என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். அவர் பாயசம் குடிக்கப் போய்விட்டார். முனியாண்டி பின்பக்கக் குழாயில் காலைக் கழுவினான். கழுவியபடியே சொன்னான்: "சப்பாத்தக் கழுவி வெயில்ல வச்சுத் தாரேன் மச்சான். கறை போயிரும்."

கறை போகவில்லை. அந்தச் செம்மண் அப்படி.

பெட்டிக்கு என்னதான் நோய் என்பது அதன்பிறகு கடையில் தெரிந்தது. யாரோ இரண்டு கால் பிளக்கோடு ஒரு ரெக்கார்டு பிளேயர் கொண்டுவந்திருந்தார்கள். நான் பழக்கதோஷத்தில் பென்சிலை எடுத்து மேல் ஓட்டையில் குத்தப் போனேன். ரம்லி என் கையில் ஒரு போடு போட்டான். "இத்து லூபாங் பூமி," என்றான். அது பூமி ஓட்டை. பென்சிலைக் கீழே போட்டேன். பெட்டியில் ஒரு குறையும் இல்லை. பூமி ஆரம்பத்திலிருந்தே சுவரில் இருந்தது, அதற்குள்தான் தலைவர் சாப்ஸ்டிக்கைக் குத்திக்கொண்டிருந்தார். வீட்டிலும் கோயிலிலும் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிற ஜாதி நாம். அங்கெல்லாம் முனியாண்டியின் உடம்பே எர்த் வயராகி இரைச்சலைத் தரைக்கு இறக்கியிருக்கிறது. சப்பாத்துப் போட்ட இடங்களில் அந்த வழி அடைபட்டுவிட்டது. ஈரச் சேற்றில், வெறுங்காலில், இரும்புத் தந்தியைப் பிடித்துக்கொண்டு அவன் அன்றைக்குச் செத்திருக்கலாம். ஏன் சாகவில்லை என்று எந்த இஞ்சினியராவது எனக்குச் சொன்னால் தேவலை.

பிறகு எல்லாம் மளமளவென்று போயிற்று. லயம் காலியானது. முனியாண்டி மரக்கட்டை லாரியில் ஏற்றி இறக்கும் வேலைக்குப் போனான், சில்லறை வேலைகளுக்கு யாரும் ஐசி கேட்பதில்லை. கிட்டாரை அவன் அம்மாவின் வைத்தியத்துக்கு விற்றான். கேசட் வந்தது, கல்யாணங்களில் கேசட்டே பாடியது, கோவிந்தசாமி அண்ணன் ஆம்ப்ளிஃபயரை ஒரு பந்தல்காரருக்குக் கொடுத்துவிட்டுச் சாதாரண மனிதரானார். எண்பதுகளின் நடுவில் ஒரு நாள் முனியாண்டி என் வீட்டுக்கு வந்தான். தலை நரைத்திருந்தது. பையிலிருந்து எடுத்து நீட்டினான். நீல ஐசி.

"எர்த்து போட்டாச்சு மச்சான்," என்றான். "அந்தப் பொட்டி இருக்கா?"

கட்டிலுக்கு அடியிலிருந்து தேடி எடுத்துக் கொடுத்தேன். துருப்பிடித்திருந்தது, வெள்ளைக்காரக் குழந்தைகளில் ஒன்றுக்கு முகம் இல்லை. தரையில் வைத்து, வெறுங்காலால் மிதித்தான். 'டக்.' கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டான்.

"பாத்தியா. இப்ப ஒரு இரைச்சலும் இல்ல."

சிலிபின் இளைஞர் புதுச் சார்ஜரை என் கையில் வைத்தார். மூன்று கால் இருந்தது. தொட்டுப் பார்த்தேன், மேல் கால் பிளாஸ்டிக்.

"தம்பி, இதுல பூமி இல்லையேலா."

"அது சும்மா அங்கிள், ஓட்டையத் தொறக்கத்தான்."

ஆக, சாப்ஸ்டிக்கைக் கம்பெனிக்காரனே வைத்துக் கொடுத்துவிடுகிறான். கோவிந்தசாமி அண்ணன் இருந்திருந்தால் தன் கண்டுபிடிப்பு என்று சொல்லியிருப்பார். முனியாண்டியிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்று காரில் உட்கார்ந்து கைபேசியை எடுத்தேன், அவன் இல்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. போன வருடம் போய்விட்டான். துக்கம் கேட்கப் போனபோது அவன் சம்சாரம் ஒரு தாளைக் காட்டியது.

"சாவு பதியப் போன எடத்துல ஐசிய வாங்கிக்கிட்டாங்கண்ணே. திருப்பித் தரமாட்டாங்களாம். போட்டோஸ்டேட் மட்டும் எடுத்து வச்சிருக்கேன்."

வாங்கிப் பார்த்தேன். அவன்தான், முறைத்துக்கொண்டு. போட்டோஸ்டேட்டில் சிவப்பு எது, நீலம் எது என்று தெரியவில்லை.